ஒம்பதாவது கேள்வி

அட, வாசப்படியிலயே நின்னுட்டா எப்பிடிங்க அம்மிணி? உள்ள வாங்க. பையை இப்பிடிக் குடுங்க, மேசை மேல வெக்கறேன். என்னங்க இது, ஊருக்குப் போற பையின்னு தூக்குனா காத்தாட்டம் வருது? உள்ள ஒண்ணுமே இல்லீங்களாட்ட இருக்குதே. சரி, உங்க பை, உங்க துணி, எனக்கெதுக்கு. உக்காருங்க.

கதவையா? நாந்தானுங்க தாப்பாப் போட்டேன். ஆடிக்காத்து அந்த அடி அடிக்குது. சும்மா சாத்தி வெச்சா டமால் டமால்னு அடிச்சுட்டே கெடக்கும், அப்பறம் நாம பேசறது நமக்கே கேக்காது.

பத்தே நிமிசமுங்க. உங்க சத்தி பஸ்ஸு ரெண்டே காலுக்குத்தானுங்களே? இப்ப மணி ஒண்ணு நாப்பது. கேட்டத் தாண்டுனா பஸ் ஸ்டாப்பு. சரவணம்பட்டியில இருந்து சத்தியமங்கலத்துக்கு அந்த ஒரு பஸ்ஸுதானா ஓடுது? அது போனாலும் அதுக்குப் பொறகால நாலு பஸ்ஸு வருது. அப்பிடிப் பறக்காதீங்க.

ஒரு ஒத்தாசை வேணும்னுதான் கூப்புட்டேன். எல்லாப் புள்ளைகளும் சாப்படப் போயிருச்சுக, இந்த ரூமும் காலியாக் கெடக்குது. நீங்க உண்டீங்களா? சோறு எறங்கலீங்களா? நேத்தும் அப்பிடித்தான், தட்டுல போட்ட சாதம் போட்டபடி இருந்துச்சு. மெஸ்ஸு அக்கா பொலம்பிட்டிருந்தா. சரி உடுங்க.

நாளைக்குப் பிராக்டிகல் இல்லீங்களா? உங்களுக்குப் பரீட்சை, எனக்கும் பரீட்சை. நாலு வருசமா இந்த ஹாஸ்டலைக் கூட்டித் தொடைச்சுட்டு செவனேன்னு கெடந்தவளப் புடிச்சு உங்க கிருபாசங்கர் சாரு நோயாளி ஆக்கிப்போட்டாரு. நீங்க புள்ளைக ஒருத்திக்கொருத்தி நோயாளியா நடிச்சா சிரிப்பாணி தாங்கலையாமா. மருந்துக் கடைக்கு வந்த அம்மாளும் சிரிக்குதாம், மருந்து குடுக்கற அம்மாளும் சிரிக்குதாம். நெசமாலுமே வெளியாள் ஒருத்தி வந்து உக்காந்தாத்தான் புள்ளைகளுக்குப் பேச வரும்னு சொல்லி எங்கிட்ட ஒரு காயிதத்தக் குடுத்தாரு. பேரு ராமாத்தாள், வயசு முப்பத்திரண்டு, ரெண்டு கொழந்தைக, மனசு சோர்வுக்கு டாக்டர் மாத்திரை எழுதி மூணு வாரம் ஆச்சு, ஒண்ணும் சொகமாகலைன்னு பாதியில நிறுத்திப்போட்டா. நீங்க மருந்துக்கடைக்காரங்களா நின்னு எங்கிட்ட பதமாக் கேட்டு, திருப்பி மாத்திரைய முழுங்க வெக்கோணும். அவ்வளவுதான?

எங்கூட்டுக்காரரு சிரிக்கறாரு. ஏண்டி, எட்டாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவ, மருந்துக் காலேஜுப் பரீட்சையில போயி உக்காந்திருக்கறங்கறாரு. ஆமா, உக்காந்திருக்கறேன், அதுவும் பெஞ்சுல இல்ல, மெத்து வெச்ச சேருலன்னு சொன்னேன்.

இன்னைக்கு வெடியால ஒத்திகைக்கு வந்தது மொத்தம் இருபத்தேழு பேருங்க. இருபத்தேழு தடவை அதே கதையைச் சொல்லிச் சொல்லி உங்க பாடம் எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. சொல்லட்டுங்களா? மொத வாரத்துல வயித்தப் பொரட்டும், தலை வலிக்கும், அது தன்னால அடங்கும். சோத்துக்கு அப்பறம் போட்டா நல்லது. மாத்திரை போட்ட அன்னைக்கே மனசு தெளியாது, ரெண்டு வாரம், நாலு வாரம், சில பேருக்கு ஆறு வாரங்கூட ஆகும். அதுக்குள்ள இது வேலை செய்யலைன்னு நாமளே முடிவு கட்டப்படாது. ஒரு நாளு மறந்துட்டா மறுநாளு ரெண்டாப் போடப்படாது. கை கால் வலின்னு வேற மாத்திரை வாங்குனா இதயும் போடறேன்னு சொல்லோணும். பால் குடுக்கற தாயின்னா டாக்டர்கிட்டச் சொல்லோணும். நல்லா ஆயிட்டாலும் அப்பறம் ஒரு ஆறு மாசமாச்சும் போடோணும். டக்குனு நிறுத்தப்படாது, டாக்டர் சொல்லச் சொல்லக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறைக்கோணும். இது பழக்கமாப் போயிர்ற மருந்து இல்ல. செரிங்களா? பாத்தீங்களா, எனக்கு மார்க்குப் போட ஆளில்ல.

அட, சிரிப்பு வந்துருச்சே! கொஞ்சமா வந்துச்சு, அதுக்குள்ள உள்ள போயிருச்சு. பரவால்ல.

என்ன ஒத்தாசையின்னா, சாரு அந்தப் பக்கமா உக்காந்து ஒம்பது கேள்வி எழுதுன காயிதம் ஒண்ண வெச்சு டிக்கு போடறாரு இல்லீங்களா? தூக்கம் வருதா, பசிக்குதா, மாத்திரைய எத்தன நாள் உட்டீங்க, வேற மருந்து சாப்படறீங்களா, அப்பிடியே வரிசையா வந்து கடைசியா ஒம்பதாவதா ஒண்ணு இருக்குது. இருபத்தேழு பேருல அந்த ஒம்பதாவதக் கேட்டது எத்தன பேருன்னு நெனைக்கறீங்க? நாலு. அந்த நாலுலயும் ஒருத்தி இங்கிலீசுலயே கேட்டுப்போட்டா, அதுவும் செவுத்தப் பாத்து. ராமாத்தாளுக்கு இங்கிலீசு தெரியுமா? இன்னொருத்தி, அக்கா உங்களுக்கு வேற எதாச்சும் யோசனை வருதா அப்பிடீன்னா. நான் ஆமா கண்ணு, ஆடு ரெண்டு வாங்கலாம்னு யோசனைன்னேன். சாரே சிரிச்சுப்போட்டாரு.

நீங்க இருபத்திரண்டாவதா வந்தீங்க. இருங்க இருங்க, எந்திரிக்காதீங்க. நான் கொறை சொல்லலை. அத்தன பேருலயும் என்ற மொகத்தப் பாத்துப் பேசுனது நீங்க ஒருத்திதான். ராமாத்தா அக்கா, மாத்திரை வேலை செய்யறதுக்கு முன்னாடியே அதோட தொந்தரவு வந்துருதுன்னு உங்களுக்குக் கோவமா இருக்குதான்னு கேட்டீங்க பாருங்க, அது காயிதத்துலயே இல்லாத கேள்வி. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நடிப்புன்னு நெனச்சுட்டு சாரு டிக்கு போட்டாரு.

எட்டு வரைக்கும் சரசரன்னு வந்தீங்க. ஒம்பதாவதுல பேனா நின்னுருச்சு. என்னையப் பாத்தீங்க. காயிதத்தப் பாத்தீங்க. அப்பறம் காயிதத்தக் கவுத்து வெச்சுட்டு, நன்றிங்கக்கான்னு எந்திரிச்சுட்டீங்க. மறந்துட்டீங்கன்னு சாரு எழுதிக்கிட்டாரு. எனக்கு அப்பிடித் தெரியலீங்க. மறந்தவ காயிதத்தக் கவுக்க மாட்டா.

மணியா? ஒண்ணு அம்பது. இன்னும் நேரங் கெடக்குது.

இந்தாங்க, இந்தத் தண்ணியக் குடிங்க. ஒதடு வறண்டு கெடக்குது பாருங்க. ரெண்டு மடக்கு. ம்.

கிருபா சாரு எல்லார்த்துகிட்டயும் சொல்றாரு, இந்தம்மா நெம்ப நல்லா நடிக்குதுன்னு. நடிப்பாமா நடிப்பு! என்ற ஊட்டுல ஒரு நாளைக்காச்சும் எவனாச்சும் என்னைய நடிகைன்னு சொல்லியிருக்கறானா? உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுங்களா? எங்கூட்டுக்காரரத் தவுத்து இந்தக் காலேஜுல ஒரு சனத்துக்குத் தெரியாது. அந்த மாத்திரைய நான் பதினாலு மாசம் முழுங்கியிருக்கறேன்.

ஆமாங்க. காயிதத்துல எழுதியிருக்கற அதே செர்ட்ராலின்தான். சின்னவன் பொறந்தப்ப. அப்ப நாங்க பல்லடத்துப் பக்கம் மாமியா ஊட்டுல இருந்தோம். ஊட்டோட ஒட்டுனாப்புல தறிக்குடோனு, ராப்பகலா சடக்கு சடக்குன்னு ஓடும். அந்தச் சத்தத்துல கொழந்த தூங்குவான், எனக்குத் தூக்கம் வராது. கொழந்த அழுதாத் தூக்கோணும்னு தெரியும், கை எந்திரிக்காது. குளிக்க வெந்தண்ணி வெச்சுட்டு அது ஆறுற வரைக்கும் பாத்துட்டே நிப்பேன். என்னையப் பாருங்க, ஓயாமப் பேசறவ. அப்ப நாலு நாளைக்கு ஒரு வார்த்தை பேசுனா அதிகம். எங்கூட்டுக்காரரு பயந்துட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. மாத்திரை எழுதுனாங்க.

மொத வாரம் ஒரே ஓங்கரிப்பு. மாமியா ஆளையே பாத்துச்சு, ஏனம்மிணி, மறுக்கா முழுகாம இருக்கறயான்னு. அந்தச் சோர்வுலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு போங்க. அஞ்சாவது வாரத்துலதான் ஒரு நாளு, கொழம்புல உப்புப் பத்தலைன்னு எனக்கே தெரிஞ்சுச்சு. அதுவரைக்கும் உப்பாவது உறைப்பாவது, ஒண்ணும் தெரியாது. உப்புப் பத்தலைங்கன்னு சொன்னேன். எங்கூட்டுக்காரரு எந்திரிச்சுப் போயி அடுப்படியில நின்னு அழுதுட்டு வந்தாரு.

அங்கதான் நானொரு கூத்துப் பண்ணிப்போட்டேன். ஊருல மாரியாத்தா நோம்பி சாட்டுனாங்க. சொகமானா பூவோடு எடுக்கறேன்னு வேண்டியிருந்தேன், நெருப்புச் சட்டியக் கையில ஏந்திட்டுப் போறது, நீங்க பாத்திருப்பீங்க. சாட்டுனதுல இருந்து பதினஞ்சு நாளு விரதம். மாமியா சொன்னாங்க, கையில பூவோடு எடுக்கறவ வாயில மருந்து வெக்கறதா, ஆத்தா பாத்துக்குவா உடுன்னு. அந்தம்மாளும் நல்லதுக்குத்தான் சொன்னாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு ஆசை, நாந்தான் நல்லாயிட்டனே, இன்னும் எதுக்கு இந்தப் பைத்தியக்கார மாத்திரைன்னு. நிறுத்திப்போட்டேன்.

மூணாம் நாளே ஆரம்பிச்சுருச்சு. தலைக்குள்ளாற சுரீர் சுரீர்னு கரண்டு புடிக்கறாப்புல. கழுத்தத் திருப்புனா கண்ணு பின்னால மெதுவா வருது. ஒரு வாரம் போச்சு. அப்பறம் பழைய இருட்டு வந்துச்சு பாருங்க, போனது ஒரு மடங்குன்னா வந்தது நாலு மடங்கு. ஆருகிட்டச் சொல்றது? விரதத்துல இருக்கறவ, ஊடே கழுவி உட்டு மஞ்சத்தண்ணி தெளிச்சுக் கெடக்குது, இதுல போயி எனக்கு இருக்கவே புடிக்கலைன்னு சொல்ல முடியுங்களா?

பன்னெண்டாம் நாளு, நல்லாப் பட்டப் பகல். போனு அடிக்குது. ஆருன்னா, மருந்துக்கடை உமர் பாரூக் பாய். பல்லடத்துல நாங்க பஸ்ஸு ஏறுற எடத்துக்கு எதுத்தாப்புல சின்னக் கடை. அவரு கேக்கறாரு, அம்மிணி, உங்க மாத்திரை போன வாரமே தீந்திருக்கோணுமே, வரலியே, வேற கடையில வாங்கிட்டீங்களான்னு. ஆமாங்க பாய்னு சொன்னேன். எந்தக் கடைன்னாரு. எனக்குப் பொய் சொல்லி முடிக்கத் தெரியல.

அப்பக் கேட்டாரு. மழுப்பிச் சுத்தி வளைக்கல. அம்மிணி, உசுரோட இருக்க வேண்டாம்னு தோணுதான்னு கேட்டாரு. கோழித் தீவனம் வந்துருச்சான்னு கேக்கற மாதிரி, அதே கொரல்ல.

அந்நேரம் நான் எங்க நின்னுட்டிருந்தேன்னு உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். ஆருகிட்டயும் சொன்னதில்ல. ஆமாங்க பாய்ன்னேன். அந்த ரெண்டு வார்த்தை வெளிய வந்ததும் கால் ரெண்டும் தொவண்டு அங்கயே உக்காந்துட்டேன். போனை வெக்காதே, பேசிட்டே இருன்னாரு. அப்பறம் அந்த மனுசன் பேசுனாரு பாருங்க! கோழி வெலை, அவரு சம்சாரத்துக்கு முட்டி வலி, கடைக்குள்ள எலி பூந்து இருமல் மருந்தக் குடிச்சது, என்னன்னமோ. நடுவுல கடைக்கு வந்தவங்களுக்கு மருந்தும் எடுத்துக் குடுக்கறாரு. அரை மணி நேரம். இவருக்கு என்ன கிறுக்கான்னு நெனச்சேன். கடைசியிலதான் தெரிஞ்சுச்சு, அந்தாண்ட இன்னொரு போன்ல எங்கூட்டுக்காரரக் கூப்புட்டுச் சொல்லியிருக்கறாரு. அவரு வந்து என்ற தோளத் தொடற வரைக்கும் பாய் போனை வெக்கலை.

அன்னைக்கு அவரு அதக் கேக்காம இருந்திருந்தா நாளைக்கு உங்களுக்கு நோயாளி கெடையாது. அந்த ஒம்பதாவதக் கேட்டா இல்லாத நெனப்பு வந்துருமோன்னு உங்க புள்ளைகளுக்குப் பயம். பாயும் அதுதான் சொல்வாரு, கேக்கறதுனால வராது அம்மிணி, வந்தது வெளிய வரும், அவ்வளவுதான்னு.

எதுக்குப் பஸ்ஸு பஸ்ஸுன்னு பறக்கறீங்க? ரெண்டு மணிதான் ஆச்சு. உக்காருங்க. நான் இன்னும் ஒத்தாசை கேக்கவே இல்ல.

ஆளை மாத்திக்கலாமுங்களா? நீங்க ராமாத்தா, நான் மருந்துக்கடைக்காரி. எனக்கும் ஒரு தடவை அந்தப் பக்கம் நின்னு பாக்கோணும்னு ஆசை. வெளையாட்டுத்தான். சரிங்களா? தலைய ஆட்டுனாப் போதும்.

வாங்க ராமாத்தா அக்கா. ராத்திரி தூக்கம் வருதுங்களா? வரலையா. சரி, அது எனக்கே தெரியும், வெடியால நான் வராண்டாக் கூட்ட வந்தா ரூமுல லைட்டு எரியுது. சோறு? அதயும் கேட்டாச்சு. மாத்திரை போடறீங்களா? போடறீங்களா! நெசமா? அக்கா, மருந்துக்கடையில பொய் சொல்லப்படாதுங்க.

அட, அழுகாதீங்க. இருங்க, தொடைக்கத் துணி தாரேன். என்ற யூனிபாரம் கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள எங்கியோ ஒரு கைக்குட்டை வெச்சேன், இத எடுத்தா அது வருது, அத எடுத்தா இது வருது. இந்தாங்க.

ஆமா, கூடவே அந்த மாத்திரை அட்டையும் வந்துருச்சு. பாத்துட்டீங்களா.

இன்னைக்குக் காத்தால உங்க ரூமு குப்பைக்கூடையில இருந்துச்சு. பேப்பருல சுத்தி, அதுக்கு மேல பாலித்தீனு, அதுக்கு மேல ரப்பர் பேண்டு. குப்பைய அவ்வளவு பத்தரமாக் கட்டுனா கூட்டறவ பிரிச்சுப் பாக்காம என்ன செய்வா? ரெண்டு அட்டை. ஒண்ணு காலி. இன்னொண்ணுல ரெண்டு காலி, எட்டு இருக்குது. பேரு இருக்கற பக்கத்துல எல்லாம் சொரண்டிக் கெடக்குது. பதினஞ்சு நாளா அந்த ரூமுல நகப்பாலிசு அழிக்கற தண்ணி வாசம். நான்கூட நெனச்சேன், நகத்துக்குச் சாயமே பூசாத புள்ளையாச்சே இதுன்னு. பேர அழிச்சா என்னங்க? பதினாலு மாசம் முழுங்குன மாத்திரை, எனக்கு அடையாளந் தெரியாதா?

உங்க கிளாசுப் புள்ளைகளுக்கும் தெரிஞ்சுருச்சு. மாத்திரையோட நெறத்தப் பாத்தே பேரச் சொல்ற நூத்தம்பது புள்ளைகளுக்கு நடுவுல எங்க கொண்டு போயி ஒளிக்கறது?

முந்தாநாளு மெஸ்ஸுல சாய்ப்ரியா உன்னைய ஏய் ஃபிஃப்டி எம்ஜின்னு கூப்புட்டா. ஒட்டுக்கா எல்லாரும் சிரிச்சாளுக. சோத்துப் பாத்திரத்தத் தொடைச்சுட்டு நானும் பக்கத்துலதான் நின்னேன். என்னமோ படிப்புப் பட்டப்பேருன்னு நெனச்சேன், மாத்திரையோட அளவுன்னு தோணலை. நானும் சிரிச்சேன், ஜோவிதா. உன்ற மொகத்தப் பாத்துக்கிட்டே சிரிச்சேன். இன்னைக்கு அந்த அட்டைய உள்ளங்கையில வெச்சதும் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் மொதல்ல காதுல கேட்டுச்சு.

நீ வான்னு பேசிப்போட்டேன், கோவிச்சுக்காதே கண்ணு. இனி என்னால ங்க போட்டுப் பேச முடியாது.

பன்னெண்டு மாத்திரை போட்டிருக்கற. இன்னும் அது வேலையே ஆரம்பிச்சிருக்காது. அதும் உங்க வயசுப் புள்ளைகளுக்கு மொத சில வாரத்துல நெனப்பு முன்னவிட மோசமாப் போகலாம், பக்கத்துல ஆள் இருக்கோணும், ஒடனே டாக்டர்கிட்டச் சொல்லோணும்னு நீதான வெடியால எனக்குச் சொன்ன? ராமாத்தாளுக்குச் சொன்னத ஜோவிதாளுக்கு ஆரு சொல்றது?

இல்ல, நீ ஊருக்குப் போகலை. சார்ஜரு செவுத்துலயே மாட்டிக் கெடக்குது. ஊருக்குப் போறவ சார்ஜர உட்டுட்டுப் போவாளா? நாளைக்குப் பரீட்சை வெச்சுட்டு வெள்ளைக் கோட்டத் தேச்சு மடிச்சு ரூமுப் புள்ளைக்குக் குடுத்துட்ட. சத்தியில உங்கம்மாளுக்கு போன் பண்ணுனேன். டீச்சரம்மா, புள்ள இன்னைக்கு ஊட்டுக்கு வருதாமான்னேன். இல்லீங்களே, நாளைக்குப் பிராக்டிகலாச்சேன்னாங்க.

கோவமா? எம்மேலதான? பட்டுக்கோ, நல்லாப் பட்டுக்கோ. பன்னெண்டு மணிக்கே கிருபா சாருகிட்டயும் சொல்லிப்போட்டேன். அவரு கதவுக்கு வெளியதான் நிக்கறாரு, இத்தனை நேரமா. மாத்திரை எழுதுன உங்க டாக்டரம்மாகிட்டப் பேசியாச்சு, மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கறாங்க. நானும் ஒட்டுக்கா வாரேன். ஆரும் உன்னையத் திட்ட மாட்டாங்க. திட்டுனா நான் பேசிக்கறேன், எனக்குப் பேச்சுக்கா பஞ்சம்.

ஆனா அதுக்கு முன்னாடி நானொண்ணு கேக்கோணும். இன்னும் ஒண்ணு பாக்கியிருக்குதே. என்னையப் பாரு. செவுத்த வேண்டாம், காயிதத்த வேண்டாம். நான் இங்கிலீசுல கேக்க மாட்டேன்.

ஜோவிதா, உசுரோட இருக்க வேண்டாம்னு தோணுதா கண்ணு?

ம்.

ம், சரி.

சரி கண்ணு. சொல்லிட்ட இல்ல. எந்திரிக்காதே, கால் தொவளும். எனக்குத் தெரியும். கையை இப்பிடிக் குடு, நான் புடிச்சுக்கறேன். மூச்ச உடு. நான் எங்கயும் போகலை.

அதா, பஸ்ஸு ஹாரன் கேக்குது. போகட்டும். அந்தாண்டப் பக்கம் ரோட்டுல சத்தியில இருந்து வாரதும் இப்ப வந்துரும். உன்னைய உள்ள கூப்படறதுக்கு முன்னாடியே, புளியம்பட்டி தாண்டியாச்சுன்னு உங்கம்மா சாருக்குப் போன் பண்ணிட்டாங்க. ஏறுனதுல இருந்து நின்னுட்டே வாராங்களாமா, எடம் இருந்தும் உக்காரலையாமா.

இந்தப் பாக்கெட்டுல இன்னொண்ணும் இருக்குது, இரு. இத நேத்துப் பொழுதோட என்ற புள்ள நித்தி கையில கட்டி உட்டுட்டுப் போயிட்ட. அவ ராத்திரி படுக்கறப்பக்கூடக் கழட்டலை. காத்தால குடுடீன்னா, அந்தக்கா எனக்கே எனக்குன்னு குடுத்தாங்கன்னு ஒரே அழுகாச்சி. அந்தக்காவுக்கு வேணும் சாமி, உனக்கு வேற வாங்கித் தாரேன்னு சொல்லிப் புடுங்கிட்டு வந்தேன்.

கையை நீட்டு. ஆடாதே. வாட்ச்சு வாரு ரெண்டாவது ஓட்டைதான? எளைச்சுப் போயிட்ட, மூணாவதுல போடறேன்.

இந்தா. இப்ப மணி எத்தனைன்னு நீயே பாத்துச் சொல்லு.